மலிவு வண்டிக்குக் கட்டிய மாடி

அமெரிக்காவில் சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே சான்டா ஃபே ரயில்வே ஓட்டிய 'சூப்பர் சீஃப்' பணக்காரர்களின் வண்டி. முழுக்கப் படுக்கைப் பெட்டிகள். ஹாலிவுட் நட்சத்திரங்கள் விரும்பி ஏறியது. 1938 பிப்ரவரியில் அதே பாதையில் 'எல் கேப்பிட்டான்' வந்தது. இதில் படுக்கையே கிடையாது. சாதாரண டிக்கெட்டுக்கு மேல் 5 டாலர் கொடுத்தால் போதும், இரண்டு இரவுகளை இருக்கையில் சாய்ந்தபடியே கழிக்கலாம். ஆனால் வேகத்தில் பாகுபாடு இல்லை. சுமார் 3,600 கி.மீ. தூரத்தை இதுவும் 40 மணி நேரத்துக்குள் கடந்தது.

சிக்கல் கணக்கில்தான். கால் நீட்ட இடம்விட்டால் ஒரு பெட்டியில் 44 பேருக்கு மேல் உட்கார முடியாது. குறைந்த கட்டணம், குறைந்த ஆட்கள்: எப்படிக் கட்டுப்படியாகும்? நீளத்தையோ அகலத்தையோ கூட்ட வழியில்லை. மிச்சமிருந்தது உயரம். பிலடெல்பியாவின் பட் நிறுவனம் 1954இல் இரண்டு மாடிப் பெட்டிகளைச் சோதனைக்குச் செய்து தந்தது. 1956இல் வண்டி முழுவதும் மாறியது.

இரட்டை மாடிப் பெட்டியில் பெரிய தலைவலி சக்கரங்கள். பெட்டியின் இரு முனைகளிலும் அவை இடத்தை அடைத்துக்கொள்வதால், கீழ்த்தளம் நடுப்பகுதியில்தான் தாழ்வாக இறங்க முடியும். பொறியாளர்கள் அதற்காக மல்லுக்கட்டவில்லை. கழிவறை, மூட்டைமுடிச்சு எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, மேல்தளம் முழுக்க 72 இருக்கைகளைப் போட்டார்கள். பெட்டிவிட்டுப் பெட்டி போகும் வழியும் மேலேதான், தண்டவாளத்திலிருந்து சுமார் 2.6 மீட்டர் உயரத்தில். பழைய 8 பெட்டிகளின் கூட்டம் புதிய 5 பெட்டிகளில் அடங்கியது. சக்கர இரைச்சலும் தள்ளிப்போனது.

பெட்டியின் உடல் நம் அடுக்களை எவர்சில்வரின் உறவுக்கார உலோகம். அதைச் சாதாரணமாகப் பற்றவைத்தால் சூட்டில் அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் துரு தடுக்கும் குணம் போய்விடும். கண்ணிமைக்கும் நேரம் மட்டும் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, உலோகம் கெடுவதற்குள் ஒட்டவைக்கும் உத்தியை பட் நிறுவனம் 1930களிலேயே கைவசப்படுத்தியிருந்தது.

எனக்குப் பிடித்தது சாப்பாட்டுப் பெட்டி. சமையல் கீழே, 80 பேர் உட்காரும் கூடம் மேலே. தட்டுகள் சின்ன லிஃப்டில் ஏறிப் போயின. கனம் தாங்க, வழக்கமான 8 சக்கரங்களுக்குப் பதில் 12.

1958 முதல், கூட்டம் குறைந்த மாதங்களில் சூப்பர் சீஃபையும் எல் கேப்பிட்டானையும் ஒன்றாகக் கோத்து ஓட்டினார்கள். உயரம் ஒத்துப்போக வேண்டுமே! அதற்கென்றே ஒரு முனையில் படியிறங்கும் பெட்டிகள் இருந்தன. படிக்கு இடம்விட்டதில் 4 இருக்கைகள் குறைந்தன.

1971இல் அமெரிக்கப் பயணிகள் ரயில்களை ஓட்டும் பொறுப்பை ஆம்ட்ராக் நிறுவனம் ஏற்றது. 1973இல் எல் கேப்பிட்டான் பெயர் மறைந்தது. ஆனால் 1970களின் இறுதியில் ஆம்ட்ராக் புதிய 'சூப்பர்லைனர்' பெட்டிகளுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த மலிவு வண்டியைத்தான். இம்முறை படுக்கைப் பெட்டிகளுக்கும் மாடி வைத்தார்கள்.