காது கொடுப்போர் – 14: கிணற்றடி

1995 ஒக்டோபர் 30 இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்து நடந்தவர்கள், போய்த் தங்கிய இடங்களில் அடுத்த பாயில் கிடந்தவருக்கும் ஆறுதல் சொன்னதைச் சென்ற வாரம் எழுதினேன். இந்த வாரம், மனநோயிலிருந்து மீண்டு மற்ற நோயாளருக்குத் துணையிருக்கும் துணைப் பணியாளர்களின் சம்பளம் பற்றி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு தோல் பதனிடும் தொழிலாளி குறுக்கே வந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

அவர் பெயர் ழான் பப்திஸ்த் புசான். 1745இல் பிரான்சில் பிறந்தவர். கழுத்தில் கட்டி கட்டியாய் வீங்கும் கண்டமாலை நோயோடு பாரிசின் பிசேத்ர் வைத்தியசாலைக்கு வந்தார். சுகம் வந்த பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, பின்னர் மனநோயாளர் பிரிவுக்கே பொறுப்பாளரானார். 1793இல் பிலிப் பினெல் என்ற வைத்தியர் அங்கே வந்தபோது புசானின் ஒரு வழக்கம் அவர் கண்ணில் பட்டது. புசான் தன் பிரிவுக்குப் பணியாட்களைப் பெரும்பாலும் குணமடைந்த நோயாளிகளிலிருந்தே எடுத்தார். நோயாளியை அடிக்க அவர்களுக்குக் கை எழாது என்பதே காரணம். தானே நோயாளியாய் அங்கே படுத்திருந்த மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது. பினெல் 1795இல் சல்பெத்ரியேர் வைத்தியசாலைக்கு மாறிப்போனார். பிசேத்ரில் நோயாளரின் சங்கிலிகளைப் புசான் கழற்றியது அதற்குப் பிறகு, 1797இல். அவர் மனைவி மார்கரீத்தும் கூடவே வேலை செய்தார். ஓவியங்களிலும் பாடப்புத்தகங்களிலும் சங்கிலி அறுத்தவராக நிற்பவர் பினெல்தான். ஆனால் பினெல் புசானிடம் கற்றதைத் தன் எழுத்தில் மறைக்கவில்லை. 1802இல் அவரைத் தன்னிடமே வரவழைத்துக்கொண்டார்.

சங்கிலி நமக்குத் தூரத்துக் கதையல்ல. 2001 ஓகஸ்ற் 6ஆம் திகதி தமிழகத்து ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள்.

இரண்டு நாட்களாக எனக்குள் சுற்றுவது வேறொரு கேள்வி. புசான் தேர்ந்தெடுத்தவர்களின் மென்மையைப் பினெல் புகழ்ந்தார். அந்த வேலை அவர்களை என்ன செய்தது? பகலெல்லாம் தன் பழைய நோயை இன்னொருவர் முகத்தில் பார்த்துவிட்டு, இரவு எப்படிப் படுத்தார்கள்?

வடமராட்சியில் இதைக் கேட்க ஒருவர் கிடைத்தார். பெயர் வேண்டாம். பல வருடம் குரல்கள் கேட்டவர், இன்றும் குளிசை போடுகிறார். உளநலக் கிளினிக் நாட்களில் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் இருக்கிறார். முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “நானும் உந்த வாங்கிலதான் இருந்தனான்.” அதைக் கேட்டதும் குனிந்திருந்த தலை நிமிர்வதை நான் நேரில் பார்த்தேன்.

வேலை தனக்கு என்ன தந்தது என்று அவர் தயங்காமல் சொன்னார். ஒழுங்கைக்குள் ‘விசரி’ என்றவர்கள் இப்போது படலையடியில் நின்று “அக்கா, எங்கட பெடியனை ஒருக்கா வந்து பாருங்கோ” என்கிறார்கள். உதவி செய்கிறவருக்கே அந்த உதவி மருந்தாகும் என்று 1965இல் பிராங்க் றீஸ்மன் என்ற ஆய்வாளர் எழுதியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்.

மற்றப் பக்கத்தைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தார்.

“கேட்டிட்டு வந்தா செத்தவீட்டால வந்தமாதிரி, தம்பி. நேர கிணத்தடிக்குத்தான். தலைக்கு நாலு வாளி வாத்துப்போட்டுத்தான் உள்ளுக்குப் போவன்.”

செத்தவீட்டில் நம் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். வந்தவள் தன் அண்ணனையும் அங்கே அழுவாள், காணாமல்போன மகனையும் அழுவாள். அடுத்தவர் சாவில் தன் சாவுகளும் திறந்துகொள்ளும். அதனால்தான் அவளால் அந்த வீட்டுக்காரியோடு மனமார அழ முடிகிறது. துணைப் பணியும் அப்படித்தான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்று: செத்தவீடு எட்டு, அந்தியேட்டி என்று முடிந்துவிடும். கிளினிக் ஒவ்வொரு கிழமையும் வரும்.

ஒருநாள் கிளினிக்கில் ஒரு பிள்ளை தனக்குக் கேட்கும் குரலைப் பற்றிச் சொன்னது. வடமராட்சி அக்காவுக்கு முன்பு கேட்ட அதே பேச்சு. அன்றிலிருந்து மூன்று இரவு நித்திரையில்லை. பெருமூச்சும் யோசனையும். யாருக்குச் சொல்வது? வைத்தியருக்குச் சொன்னால் வருத்தம் திரும்பிவிட்டதென்று வேலையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். தாதியருக்குச் சொல்ல, அவர்களோடு இருந்து தேத்தண்ணி குடிக்கும் உறவு இன்னும் வரவில்லை. நோயாளிகளோடு குடிக்கவும் முடியாது, “நீங்கள் இப்ப அந்தப் பக்கம்” என்கிறார்களாம். வெளிவாசலில் தனியே நின்று குடிக்கிறார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொருவரின் தனிமையைப் போக்கக் கூப்பிட்டவரைத் தனியே நிற்க விடுகிறோம்.

இங்கே உளநல வேலைக்கு ஆள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சுனாமிக்கு முன் இலங்கையின் 27 சுகாதார மாவட்டங்களில் 10இல் மட்டுமே உளநல சேவைக் கட்டமைப்பு இருந்தது. பிறகு அது 20 ஆனது. யாழ்ப்பாணத்தில் 1987இலேயே சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் தொடங்கிவிட்டது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர் நடக்கும்போதே ஊராரைப் பயிற்றினார்கள். குண்டுக்குத் தப்பிய உளவளத்துணையாளரே குண்டுக்குத் தப்பியவரின் கதையைக் கேட்ட ஊர் இது. கேட்பவருக்கும் ஒரு காது வேண்டும் என்பதை நாம் யாரிடமும் போய்ப் படிக்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் பேச ஒரு மூத்த ஆள். நான் கேட்பது அதுதான்.

சம்பளம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. சென்னையின் ‘பானியன்’ மனநல அமைப்பில் குணமடைந்து அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர்களையும் அப்போது சேர்த்துக்கொள்கிறேன். வடமராட்சி அக்கா தன் ஒற்றைறூள் கொப்பியை என்னிடம் தந்துவிட்டிருக்கிறார். இடப்பக்கம் பஸ் காசு, தேதிவாரியாக. வலப்பக்கம் நித்திரை வராத இரவுகளுக்கு ஒவ்வொரு புள்ளி. சில தேதிகள் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன.

(தொடரும்)