கரைவெட்டி ஏரி: பாசனமும் பறவைகளும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்திற்கு வடக்கே, திருமானூர் வட்டாரத்தில் கரைவெட்டி ஏரி அமைந்துள்ளது. இதன் பரப்பு ஏறக்குறைய 454 ஹெக்டேர். அதாவது சுமார் 1,120 ஏக்கர். மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே இதற்கு வந்து சேருகிறது. வடகிழக்குப் பருவமழையும் துணை செய்கிறது. சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் இந்நீரைக் கொண்டு நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர்.

இவ்வேரி 1999 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று. ஈர நிலங்களைக் காப்பதற்காக ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971 ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பட்டியலில் 2024 ஜனவரியில் கரைவெட்டியும் இடம் பெற்றது.

இங்கு ஏறத்தாழ 200 வகைப் பறவைகள் காணப்பட்டுள்ளன. அவற்றுள் விசேஷமானது வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவின் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து இது வருகிறது. ஊசிவால் வாத்து, கிளுவை முதலியனவும் வருகின்றன.

பாசன ஏரியில் பறவைகளுக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் வினவலாம். செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கல் மக்கள் இதற்கு நெடுநாள் முன்பே விடை கண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலால் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டரிடமிருந்து அவற்றைக் காக்கும் உரிமையைப் பெற்றனர்.

எனினும் சிக்கல் இல்லாமலில்லை. ஏரியை முற்றிலும் வடித்துவிட்டால் பறவைகளுக்கு இரையும் இடமும் இல்லை. நீரைத் திறவாது நிறுத்தினால் பயிர் வாடும். இரண்டுக்கும் இடமளிப்பது ஏரியின் கொள்ளளவே. வண்டல் படியப் படிய அது சுருங்குகிறது. வயலில் அளவு மீறி இட்ட உரம் மழையோடு ஏரியில் சேர்ந்தால் களைகள் பெருகி நீர்ப்பரப்பை மூடும். எனவே வரத்து வாய்க்காலைச் செப்பனிடுதல், உரத்தை அளவோடு இடுதல், முறை வைத்து நீர் பாய்ச்சுதல் ஆகியவை பயிருக்கும் பறவைக்கும் ஒருங்கே நன்மை தருவன. இவை தனி ஒருவரால் ஆகா. ஆயக்கட்டினர் அனைவரும் கூடிச் செய்தாலன்றி நிறைவேறா.

மார்கழி, தை மாதங்கள் ஏரியைக் காண ஏற்றவை. அதிகாலையில் செல்லுதல் நன்று. ஓசையின்றிக் கரைமீது நடக்க வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களை எறியலாகாது. சங்கங்கள் தம் அங்கத்தினரையும் பிள்ளைகளையும் குழுவாக அழைத்துச் செல்லலாம். பறவைகளைக் கண்டு களிப்பதோடு, மதகையும் வரத்து வாய்க்காலையும் பார்த்து வருவார்களாயின், தம் ஊர் ஏரியைப் பேணும் வழியும் புலப்படும்.