சலங்கை சுமையாகலாமா?

அன்னை பராசக்தியை ஒன்பது இரவுகள் போற்றி வழிபடும் நவராத்திரி, மலேசியத் திருநாட்டில் இசைக்கும் நடனத்திற்கும் உரிய விழாவாகவும் விளங்குகிறது. 1833ஆம் ஆண்டில் எழுந்த பினாங்கு குயின் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், 1873ஆம் ஆண்டில் தோன்றிய கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் போன்ற பழம்பெரும் ஆலயங்கள் முதல் தோட்டப்புறத்துச் சிற்றாலயங்கள் வரை அம்பிகையின் விழா களைகட்டுகிறது. மாலைப் பூஜைக்குப் பின் சிறுமியர் பரதம் ஆடி அன்னைக்குக் காணிக்கை செலுத்துவதைப் பல ஆலயங்களில் காணலாம்.

மேடையில் சிறுமி ஆடுவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திற்காக அவளுடைய தாய் சுமந்து வரும் மூட்டை முடிச்சுகளை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

ஓர் ஆலயத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி ஆட வந்திருந்தாள். தாயார் தொழிற்சாலையில் வேலை முடிந்து, மகளையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்தார். ஒரு கையில் பெரிய பெட்டி. மறு தோளில் குழந்தை. விரல்களில் தொங்கும் இரண்டு பைகள். நிகழ்ச்சி தொடங்கச் சிறிது நேரமே இருந்தபோது ஒரு காது ஜிமிக்கியைக் காணவில்லை. பெட்டியைக் கவிழ்த்தார்கள், பைகளைக் கொட்டினார்கள். ஜிமிக்கி அகப்படவில்லை. வேறொரு சிறுமியிடம் இரவல் வாங்கி அணிந்து மேடை ஏறுவதற்குள் இருபது நிமிடம் கடந்துவிட்டது.

அந்த இருபது நிமிடத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு சிலர். இரவு தீபாராதனையைத் தள்ளிப்போட இயலாது. ஆதலால், தொலைவிலுள்ள தோட்டம் ஒன்றிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த கடைசிக் குழுவினர், இரண்டு நடனத்தில் ஒன்றை மட்டுமே ஆடித் திரும்பினர்.

வீடு திரும்பிய பின் ஜிமிக்கி கிடைத்தது. அன்று உடுத்தாத, "எதற்கும் இருக்கட்டும்" என்று கொண்டு சென்ற மற்றோர் உடையின் மடிப்பில் அது சிக்கியிருந்தது. களைத்துப்போய் அமர்ந்திருந்த தாயைப் பார்த்து, "அடுத்த வருடம் நான் ஆட வேண்டாம் அம்மா" என்றாள் மகள்.

வேண்டியதும் வேண்டாததும்

செய்தி நடன ஆசிரியையின் செவிக்கு எட்டியது. அவர் சிறுமியைக் கடிந்துகொள்ளவில்லை. "அக்கா, அன்றைக்குக் கொண்டு போன எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வாருங்கள்" என்று தாயாரிடம் கூறினார். வகுப்பில் பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது உண்மை புலப்பட்டது. இரண்டு செட் உடை, மூன்று செட் நகை, முழுப் புட்டி எண்ணெய், முழு டின் பவுடர், கனமான கண்ணாடி என யாவும் சேர்ந்து பதினொரு கிலோ. மேடையில் சிறுமியின் உடலில் ஏறியவை அதில் பாதிகூட இல்லை.

ஒரு மேடைக்கு ஓர் உடை, ஒரு செட் நகை போதும் என்று ஆசிரியை வகுத்தார். பவுடர், முகப்பூச்சு, கண்மை ஆகியவை சின்னஞ்சிறு டப்பாக்களுக்கு மாறின. செம்பஞ்சுக் குழம்பு பட்டில் பட்டால் கறை எளிதில் போகாது; ஆகவே அதன் சிறு புட்டி, மூடி இறுக்கப்பட்டு, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் நிமிர்த்தி வைக்கப்பட்டது. கூடுதலாக வேண்டுவன ஊசி, நூல், பத்து ஊக்கு, கொண்டை ஊசிகள், ஒரு நாடா மட்டுமே. எடை இல்லாதவை, ஆனால் மானம் காப்பவை.

அணியும் வரிசையே அடுக்கும் வரிசை

எதை முதலில் அணிகிறோமோ அது பையின் மேலே இருக்க வேண்டும் என்பது ஆசிரியை கற்பித்த அடுத்த பாடம். முதல் உறையில் முகத்திற்குரியவையும் செம்பஞ்சுக் குழம்பும். அது காய நேரம் வேண்டுமல்லவா? இரண்டாவதில் சவுரி, குஞ்சலம், துணிப்பூச் சரம். மூன்றாவதில் உடை. நான்காவதில் நகைகள். மல்லிகைச் சரம் வேண்டுமாயின் வாழையிலையில் சுற்றித் தனியே கையில் எடுத்துச் செல்வதே நலம். ஈரம் பட்டையும் நகையையும் ஒருங்கே கெடுக்கும்.

தைத்த நடன உடையில் முன்புற விசிறி மடிப்பே உயிர். அதைக் குறுக்கே மடித்தால் கோடு விழும். மடிப்பு கலையாமல் மெல்லிய நாடாவால் கட்டி, பருத்தித் துணியில் சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம், இஸ்திரிப் பெட்டிக்கும் வேலை இல்லை.

சிவப்புக் கெம்புக் கற்கள் பதித்த நகைகளுக்கு நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்கள் பெயர் பெற்றவர்கள். இத்தகைய நகைகள் ஒன்றோடொன்று உரசினால் கற்கள் உதிரும். நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துணி உறை தைத்தார் தாயார். பழைய பருத்திச் சேலை ஒன்றே அத்தனைக்கும் போதுமானதாயிற்று.

சலங்கைக்குரிய இடம்

இறுதியில் அணிவது சலங்கை. மற்றவற்றைவிடக் கனமானதும் அதுவே. வரிசைப்படி அது பையின் அடியில் இருக்க வேண்டும். இங்கே தாயார் தயங்கினார். "பூஜையில் வைத்துக் கும்பிட்டு, கண்ணில் ஒற்றிக் கட்டுகிற சலங்கையைத் துணிக்கு அடியில் போடுவதா, டீச்சர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நந்திகேசுவரர் இயற்றியதாகக் கூறப்படும் அபிநய தர்ப்பணம், சலங்கை மணிகள் வெண்கலத்தால் ஆகி, இனிய ஒலி உடையனவாய், நீல நூலில் கோக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், காலுக்கு நூறு அல்லது இருநூறு மணிகள் கட்டலாம் என்றும் இலக்கணம் வகுக்கிறது. அத்துணை மதிப்புடைய பொருளுக்கு மூட்டையின் அடி ஏற்ற இடமாகுமா?

ஆசிரியை சற்றுச் சிந்தித்தார். "அப்படியானால் சலங்கை பைக்குள் வேண்டாம். மஞ்சள் துணிப் பையில் போட்டு அவளே கையில் எடுத்து வரட்டும்" என்றார். இதனால் மரியாதையும் காக்கப்பட்டது. கனமான மணிகள் நகைகளை நசுக்கும் அச்சமும் நீங்கியது. காலணிகள் எக்காரணம் கொண்டும் நடனப் பைக்குள் போகலாகாது என்பதும் அன்றே முடிவாயிற்று.

எண்ணிக்கை அட்டை

பையின் மூடிக்கு உட்புறம் ஓர் அட்டை ஒட்டப்பட்டது. ஜிமிக்கி 2, மாட்டல் 2, வங்கி 2, சூரியன் 1, சந்திரன் 1 என்று சிறுமி தன் கையால் எழுதினாள். புறப்படும்போது ஒரு முறை, ஆடி முடித்துக் களைந்த பின் ஒரு முறை அவளே எண்ண வேண்டும். பாடல் கைத்தொலைபேசியில் இருந்தாலும், மற்றொரு படி ஆசிரியையிடமும் இருக்க வேண்டும் என்பது அட்டையின் கடைசி வரி.

மறு ஆண்டு நவராத்திரி வந்தது. அதே பேருந்து, அதே தாய், நடக்கப் பழகிவிட்ட அதே குழந்தை. ஆனால் பெட்டி இல்லை. சிறுமியின் முதுகில் மூன்றரை கிலோவில் ஒரு பை; கையில் மஞ்சள் துணியில் சலங்கை. தாயின் கை குழந்தையைப் பிடித்திருந்தது. அலங்காரம் குறித்த நேரத்திற்கு முன்பே முடிந்தது. அன்று கடைசிக் குழுவினரும் தங்கள் இரண்டு நடனங்களையும் நிறைவாக ஆடினர்.

பிள்ளைகளை ஆலய மேடைக்கு அனுப்பும் பெற்றோர் இதனை மனத்தில் கொள்வது நலம். பிள்ளையால் சுமக்க முடிந்த பையே நல்ல பை. அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். தாயின் தோள் நோகாமல், பிறர் நேரம் குறையாமல் செலுத்தப்படும் காணிக்கையை அன்னை பராசக்தி அகமகிழ்ந்து ஏற்பாள் என்பதில் ஐயமில்லை.