கொசு மேல் விழுந்த பழி

1999 தொடக்கத்தில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பன்றிகள் இருமிக்கொண்டே இருந்தன. நாய் குரைப்பதுபோன்ற வறட்டு இருமல். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்டதால் 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. தீவனம் போட்டவர்கள், குட்டிகளைத் தூக்கியவர்கள், லாரியில் ஏற்றி இறக்கியவர்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது. ஆனால் அந்தச் செய்தி ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிட்டது. நிப்பா வைரஸ் கதையில் எனக்கு ஆறாத பகுதி இதுதான்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்தில் முதல் நோயாளிகள் விழுந்தபோது, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவானது. பன்றியிலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் நோய் அது. இந்த நாட்டுக்குப் புதியதும் அல்ல. சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான அடையாளமும் தெரிந்தது. ஆகவே அந்த முடிவுக்கு வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கொசு மருந்துப் புகை அடித்தார்கள், மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். ஒரே ஊசியைப் பன்றி மாற்றிப் பன்றிக்குக் குத்தியதும் நோய் பரவ உதவியிருக்கலாம் என்று பின்னால் ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள்.

கண்முன் நடந்தது வேறு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயதில் இருந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. பண்ணையை ஒட்டிய மலாய்க் கம்பத்திலும் அதே கொசுதான் பறந்தது, அங்கே ஏறக்குறைய யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொட்டகைக்குள் போய் வந்தவர்களுக்கே காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்புதல். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை தந்த மருத்துவர்கள் பின்னர் 94 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நோய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பன்றிகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்தவர்கள்.

இதற்கிடையே பேராக் பண்ணையாளர்கள், விலை அடியோடு விழுவதற்குள் விற்றுவிடப் பார்த்தார்கள். பன்றிகள் லாரி லாரியாகத் தெற்கே போயின. நோயும் கூடவே போனது: நெகிரி செம்பிலானின் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக், நம் சிலாங்கூர். 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் இறைச்சிக் கூடத்தில் மலேசியப் பன்றிகளை அறுத்த 11 தொழிலாளர்களுக்குத் தொற்றி ஒருவர் இறந்தார். கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் கிருமி நெடுஞ்சாலையில் பயணம் செய்தது.

முடிச்சை அவிழ்த்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை வளர்ப்புச் செல்களில் விட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரும் பிண்டங்களாகத் திரண்டன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே விமானம் ஏறினார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது வேறொரு குடும்பத்து வைரஸ். 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ராவின் நெருங்கிய உறவு. கிருமி கிடைத்த நோயாளியின் ஊர் போர்ட்டிக்சன் மாவட்டத்துக் கம்போங் சுங்கை நிப்பா. அந்த ஊர்ப் பெயரே வைரஸுக்கு நிலைத்தது.

அதன்பின் நடந்தது வயதில் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். ராணுவம் இறங்கியது, சுமார் 11 லட்சம் பன்றிகள் சுட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டன. அழிக்கப் போன வீரர்களிலும் சிலருக்குத் தொற்றியது. கிள்ளானில் பன்றி இறைச்சிச் சாறு விற்கும் பக்குத்தே கடைகள் காற்று வாங்கின. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து மூளை அழற்சி மீண்டும் வந்தது.

மூலம் பழந்தின்னி வௌவால். கிந்தாவில் முதலில் நோய் கண்ட பண்ணையில் ஏறத்தாழ 30,000 பன்றிகள். கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள். இரவில் வௌவால் கடித்துப் போட்ட பழமும் அதன் மூத்திரமும் கீழே விழுந்தன. தியோமான் தீவு வௌவால்களின் மூத்திரத்திலும் அவை கடித்துப்போட்ட பழத்திலும் சுவா குழுவினர் பின்னர் அதே கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். வௌவாலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி, பன்றிக்கு இருமலாக வந்தது. அந்த இருமலின் சளியும் எச்சிலும்தான் மனிதனைக் கொன்றன. ஆயிரக்கணக்கான பன்றிகளை ஒரே கூரையின் கீழ் அடைத்து, குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும்படி வைத்தால் கிருமிக்குப் புது உடல்கள் தீருவதே இல்லை.

அதன்பிறகு மலேசியாவில் ஒரு மனிதருக்குக்கூட நிப்பா வரவில்லை, பண்ணை முறைகளும் மாறிவிட்டன என்பார்கள் துறை அறிந்தவர்கள். உண்மைதான். ஆனால் விலங்கிலிருந்து வரும் கிருமி நிப்பா ஒன்றுதானா? 2006-இல் கோலாலம்பூரை ஒட்டிய கம்பங்களிலும் 2007-இல் சுங்கை பூலோவிலும் கோழிகள் பறவைக் காய்ச்சலில் செத்தன. அதே 2006-இல் மலாக்காவில் ஒரு வீட்டுக்குள் வௌவால் பறந்து வந்து போனது. சுமார் ஒரு வாரத்தில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், பிறகு பிள்ளைகளுக்கும். அது உலகம் அதுவரை அறியாத இன்னொரு வைரஸ். இன்று அதன் பெயர் மலாக்கா வைரஸ். கேரளத்தில் 2018-இல் நிப்பா வந்து 17 உயிர்களைக் கொண்டுபோனது. முதல் நோயாளியைக் கவனித்த தாதி லினியும் அவர்களில் ஒருவர்.

எங்கே வந்தாலும் முதலில் விழுபவர் தொட்டு வேலை செய்பவர். என் கவலை முழுவதும் அவரைப் பற்றியது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் கோழி அறுப்பவர், பண்ணை கழுவுபவர், பசாரில் விடியற்காலை இறைச்சி இறக்குபவர் யார்? வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர், மியன்மார்க்காரர், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பலருக்குப் பெர்மிட் முதலாளி கையில். சிலருக்குப் பெர்மிட்டே இல்லை. மூன்று நாள் காய்ச்சலுக்கு அவர் அரசு மருத்துவமனைக்குப் போவாரா? உள்ளூர்க்காரருக்கு ஒரு வெள்ளி என்றால் அவருக்குப் பல மடங்கு கட்டணம், வாசலில் பத்திரம் பற்றிய பயம். பனடோல் வாங்கி விழுங்கிவிட்டு அடுத்த நாளும் வேலைக்குப் போவார். நம் தாத்தா பாட்டிகள் ரப்பர்த் தோட்டத்தில் அப்படித்தான் காய்ச்சலோடு பால் வெட்டப் போனார்கள். அன்றாவது டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தார்.

2020 நினைவிருக்கிறதா? கோவிட் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பத்திரம் கேட்க மாட்டோம் என்று சொல்லப்பட்டது. ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தின் அடுக்ககங்களில் தொழிலாளர்களை வாரக்கணக்கில் அடைத்து வைத்துப் பரிசோதித்தார்கள். மே 1 அன்று அதே வட்டாரத்தில் சோதனை நடந்து நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். மே மாதத்திலேயே தடுப்பு முகாம்களில் தொற்று கிளம்பியது. நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கில். சட்டத்தை மீறியவரைப் பிடிக்க வேண்டாமா என்பவர்களுக்கு அவர்கள் நியாயம் உண்டு. ஆனால் அந்த மே முதல் நாளில் தொழிலாளி கற்றுக்கொண்டது, காய்ச்சல் வந்தால் ஒளிந்துகொள் என்பதுதான். அடுத்த கிருமி ஏதோ ஒரு கொட்டகையில் இருமத் தொடங்கும்போது, அதை முதலில் கேட்கிற அந்த ஆள் நமக்குச் சொல்ல வரமாட்டார்.

ஆகவே கேட்பது இதுதான். பண்ணையிலும் இறைச்சிக் கூடத்திலும் பசாரிலும் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் கட்டணமும் பெர்மிட் கேள்வியும் இல்லாத சிகிச்சை வேண்டும். அந்த வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு மே முதல் தேதியில் காணாமல் போகக் கூடாது. கிளினிக் கவுண்டரில் "என்ன வேலை செய்கிறீர்கள், அங்கே பிராணிகளுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா" என்று வங்காளியிலும் நேப்பாளியிலும் பர்மியத்திலும் தமிழிலும் கேட்க ஆள் வேண்டும். அந்தப் பதிலைக் கால்நடை மருத்துவருக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பிராணிகள் இருமுகின்றன என்று முதலில் சொல்ல வருகிற தொழிலாளிக்கு அன்றைய சம்பளமும் வெட்டப்படக் கூடாது.