வீட்டோடு வந்த விருந்தாளி

வயது போன பெண்கள் தமது பழைய சிநேகிதிகளைப் பார்க்க ஏன் போவதில்லை? முதியோருடன் வேலை செய்யும் எனக்கு இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. கேட்டுப் பார்த்தால் பதில்கள் இரண்டுதான். "நான் போனால் நாயை ஆர் பார்க்கிறது?" என்பது ஒன்று. "அங்கை போய் அவளுக்குக் கரைச்சல் குடுக்கவோ?" என்பது மற்றது. ஆண்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.

இவ்விரண்டு தடைகளையும் ஒருவர் தாண்டியதை 2023 ஆகஸ்டில் கனடாவில் கண்டேன். ரொறொன்ரோவில் இருக்கும் என் அக்காவின் அயல்வீட்டில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தாதி ஒருவர் வசிக்கிறார். அப்போது அவருக்கு வயது 71. கணவரை இழந்தவர். அக்காவின் பிள்ளைகள் அவரை "நேர்ஸ் அம்மம்மா" என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். தனது காரை விற்றுவிட்டு, பாவித்த சிறிய மோட்டர் ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார். இவ்வகை வாகனங்களை அங்கே பொதுவாக 'ஆர்.வி.' என்பார்கள். உள்ளே காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பகலில் மேசையாகும் கட்டில், ஒருவர் மட்டும் நுழையக்கூடிய மலசலகூடம் எல்லாம் உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் இதை ஓட்ட சாதாரண கார் அனுமதிப்பத்திரமே போதும்.

குசினிக் கழிவுநீருக்கு ஒரு தாங்கி, மலசலகூடத்துக்கு இன்னொன்று. அவற்றை அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வெறுமையாக்க வேண்டும். நேர்ஸ் அம்மம்மா கையுறையை மாட்டிக்கொண்டு தானே அதைச் செய்வார். "வார்ட்டில் முப்பத்தைந்து வருசம் செய்த வேலைதானே" என்று சிரித்தார்.

அவர் புறப்பட்டது தாதியர் கல்லூரித் தோழியைப் பார்க்க. சூ செயின்ற் மேரி நகரைத் தாண்டி, சுப்பீரியர் ஏரிக்கரையில் அத்தோழியின் வீடு. ரொறொன்ரோவிலிருந்து 700 கிலோமீற்றருக்கு மேல். வாரந்தோறும் தொலைபேசியில் கதைத்தும், நேரில் கண்டு பதினொரு வருடங்கள். காரணம் கேட்டேன். நாயும் பூனையும் உண்டு. தோழிக்குப் பாரிசவாதம் வந்த பின் அங்கே விருந்தாளியாகத் தங்க மனமில்லை என்றார். நம் ஊர்ப் பெண்களின் அதே இரண்டு பதில்கள்!

பிஸ்கற் என்ற கிழட்டு லப்ரடோர் நாய், ஒரு சாம்பல் பூனை, நான் என மூவர் அவருடன் சேர்ந்தோம். ஓடும்போது நாய்க்கு ஆசனப்பட்டியுடன் பூட்டும் வார், பூனை கூட்டுக்குள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கைப்பெட்டியில். மாகாணப் பூங்காக்களில் நாயின் கயிறு 2 மீற்றருக்கு மேற்படக் கூடாது. பூட்டிய வாகனத்தில் பிராணியை விடவே கூடாது என்பதில் அவர் மிகக் கடுமை. வெளியே 24 பாகை என்றால் உள்ளே பத்தே நிமிடத்தில் 34 பாகையைத் தொட்டுவிடுமாம். ஆகவே ஒருவர் கடைக்குப் போனால் மற்றவர் வாகனத்துக்குக் காவல்.

இரண்டாம் இரவு மாஸி என்ற சிற்றூரில், நீர்வீழ்ச்சி உள்ள பூங்காவொன்றில் தங்கினோம். அங்கேதான் நோர்மாவின் கதையைச் சொன்னார். மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த நோர்மா பவர்ஷ்மிட்டுக்கு 2015இல் கணவர் இறந்து சில நாட்களில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. வயது 90. சிகிச்சை வேண்டாமென்று, மகன், மருமகள், ரிங்கோ என்ற பூடில் நாயுடன் ஆர்.வி.யில் ஏறி ஓராண்டுக்கு மேல் அமெரிக்காவைச் சுற்றினார். 2016 செப்டெம்பர் 30இல் காலமானார். நான் என் பங்குக்கு எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக்கைப் பற்றிச் சொன்னேன். 1960இல், 58 வயதில், சார்லி என்ற நாயுடன் இப்படித்தான் புறப்பட்டார். கலிபோர்னியாவில் பழைய நண்பர்களைக் கண்டபோது, தான் அங்கே அந்நியனாகிவிட்டதை உணர்ந்தார். இதைக் கேட்ட பின் நேர்ஸ் அம்மம்மா நெடுநேரம் பேசவில்லை.

எல்லோருக்கும் இது உல்லாசமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின், வாடகை கட்ட வழியின்றி இத்தகைய வாகனங்களிலேயே வாழ்ந்து, பருவகால வேலை தேடி அலையும் முதியோர் அமெரிக்காவில் பலர். ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமாட்லான்ட்' என்ற நூல் அவர்களைப் பற்றியது. நேர்ஸ் அம்மம்மாவுக்கு ஓய்வூதியமும் சொந்த வீடும் இருந்தன.

மூன்றாம் நாள் மாலை தோழியின் முற்றத்தில் வாகனம் நின்றது. வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து மின்சாரம் எடுத்துக்கொண்டோம். தோழி படுக்கை விரிக்கவில்லை, சமைக்கவில்லை. இரவு பத்து மணிக்கு விருந்தாளி 'குட்நைற்' சொல்லித் தன் வீட்டுக்குப் போனார், பத்து அடி தூரத்துக்கு! தோழியால் வாகனத்தின் படியேற முடியாததால், காலையில் கதிரைகளை வெளியே போட்டுக் கோப்பி குடித்தோம். இருவரும் ஆசிரியைகளுக்கு வைத்த பட்டப்பெயர்களை நினைவுகூர்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் இரவுதான் தோழி விடயத்தைச் சொன்னார். ஒக்ரோபரில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார். அங்கே பிராணிகளுக்கு அனுமதியில்லை. பன்னிரண்டு வயதுப் பூனையை என்ன செய்வது? வாரந்தோறும் கதைத்தவர் இதை மட்டும் தொலைபேசியில் சொல்லவில்லை.

நேர்ஸ் அம்மம்மா உடனே சம்மதிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏற்கெனவே ஒரு பூனை உள்ள ஒற்றை அறையில் இன்னொன்றா என்று யோசித்தார். மறுநாள் இரண்டு பூனைகளின் துவாய்களையும் மாற்றி விரித்தார், ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகுவதற்காக. பிறகு கதவிடுக்கு வழியே பார்க்க விட்டார். முதல் நாள் சீறல்; மூன்றாம் நாள் சீறல் குறைந்தது. மூன்று நாளுக்கென வந்தவர் எட்டு நாள் நின்றார். விமானத் திகதி நெருங்கியதால் நான் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

தோழியின் பூனை சட்பரி வரை கட்டிலுக்குக் கீழே கூட்டுக்குள் முடங்கியபடி எதுவும் உண்ணாமல் வந்ததாக அக்கா பிறகு சொன்னார். இப்போது அதற்கும் யன்னலோரத்தில் ஓரிடம் உண்டாம். மாலை ஏழு மணிக்குத் தோழி இல்லத்திலிருந்து அழைக்கும்போது, தொலைபேசியை முதலில் பூனையின் காதருகே பிடிப்பார்கள்.