முதுகெலும்புக் கட்டி: எது புற்றாகும், எது ஆகாது?

முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'ஹெமாஞ்சியோமா' என்று ஒரு வரி இருந்துவிட்டால், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அது ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் சாதாரணக் கட்டி. ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவரின் முதுகெலும்பில் இருக்கும். பெரும்பாலும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. புற்றாக மாறும் என்று பயப்படவும் வேண்டாம்.

இளவயதினருக்கு வரும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவும் அப்படித்தான். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் ராத்திரி தூங்கவிடாது. இபுப்ரூஃபென் போன்ற மாத்திரை போட்டால் வலி சட்டென்று அடங்கும். பையனின் முதுகு வளைந்துபோவதைப் பார்த்துக் கூன் விழுகிறது என்று பெற்றோர் நினைத்துவிடுவதும் உண்டு. வலி பாடாய்ப்படுத்துமே தவிர, இதுவும் புற்றாகாது.

கவனம் வைக்க வேண்டியது ஆஸ்டியோகாண்ட்ரோமா மீது. குருத்தெலும்புத் தொப்பி போட்ட எலும்புப் புடைப்பு இது. கை கால் எலும்புகளில்தான் அதிகம், முதுகெலும்பில் அபூர்வம். ஒற்றைப் புடைப்பாக இருந்தால், புற்றாவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். பரம்பரையாக உடம்பெங்கும் பல புடைப்புகள் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2 என்ற மரபணுக்களின் கோளாறு அது; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடல் வளர்ச்சி நின்றதும் இந்தப் புடைப்பும் வளர்வதை நிறுத்திவிட வேண்டும். முப்பது வயதுக்கு மேல் அது பெரிதாகத் தொடங்கினாலோ, வலிக்காமல் இருந்தது வலித்தாலோ, ஸ்கேனில் தொப்பியின் தடிமன் 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, காண்ட்ரோசார்கோமா என்னும் புற்றாக இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிப்பார்.

ஜயண்ட் செல் கட்டி ஒரு விசித்திரம். முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிகத்தில் வந்து எலும்பை அரிக்கும்; அறுத்தெடுத்தாலும் திரும்ப முளைக்கும்; சிலருக்குச் சாதாரணக் கட்டியாக இருந்தபடியே நுரையீரலுக்கும் போகும். உண்மையான புற்றாவது அரிது. அப்படி ஆனவர்களில் பலர் முன்பு அதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள். அதனால்தான் இன்று வேறு வழி இருக்கும்வரை கதிர்வீச்சைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

நடு வயதைத் தாண்டியவரின் முதுகெலும்பில் புற்று தெரிந்தால், அது பெரும்பாலும் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற இடங்களிலிருந்து பரவியது. பழைய சாதாரணக் கட்டி மாறியதல்ல.

என்னைக் கேட்டால், 'கேன்சராகுமா?' என்ற கேள்விக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது 'எங்கே இருக்கிறது?' என்பதற்குக் கொடுக்க வேண்டும். தண்டுவடம் போகும் கால்வாய் குறுகலானது. புற்றே இல்லாத கட்டிகூட அங்கே அழுத்தினால் நடக்க முடியாமல் போகலாம். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

'ஊசி பட்டால் பரவிடும்' என்று பயந்து, கட்டியிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவே ஊசி போகும் பாதையைத் திட்டமிட்டால், தேவைப்படும்போது கட்டியோடு அந்தப் பாதையையும் சேர்த்து எடுத்துவிடலாம். ஆகவே பயாப்சிக்கு முன்பே எலும்புக் கட்டி மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது; போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள், கட்டி வளர்ந்திருக்கிறதா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.