கொழுப்பும் வேண்டும், கணக்கும் வேண்டும்

ஆம்பூர்க் கல்யாண வீட்டில் பிரியாணி சமைக்கும் பண்டாரி கறியைப் புரட்டிப் பார்க்கும்போது முதலில் தேடுவது வெள்ளைக் கொழுப்பை. அண்டாவில் கறியோடு அது உருகினால்தான் சீரகச் சம்பா வறளாது, மணமும் ஏறும். பக்ரீத்துக்கு மறுநாள் என் பாட்டி மிஞ்சிய ஆட்டுக் கொழுப்பைச் சிறு தீயில் உருக்கி, வடிகட்டிச் சட்டியில் வைப்பார். வெண்ணெயை உருக்கி நெய் எடுக்கும்போது ஒரு பிடி முருங்கைக் கீரை போடுவார்.

இந்தச் சட்டிகளைப் பல வீடுகளிலிருந்து ஒதுக்கியது வனஸ்பதி. 1937-ல் டால்டா என்ற வனஸ்பதி சந்தைக்கு வந்தது. நெய்யைவிட மலிவு, பார்வைக்கும் நெய் மாதிரி. ஆனால் தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும், நல்லதை இறக்கும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2022-ல்தான் வந்தது. அந்தக் கால டால்டாவோடு ஒப்பிட்டால் வீட்டில் உருக்கிய நெய் எவ்வளவோ மேல்.

நெய்க்கு வேறு பலன்களும் உண்டு. பாலின் திடப்பொருள் வடிந்துவிடுவதால், வெண்ணெய் கருகும் சூட்டிலும் நெய் கருகாது. 250 டிகிரி வரை தாங்கும். வைட்டமின் ஏ அதிலேயே இருக்கிறது. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். கீரைக் கடைசலில் விடும் ஒரு கரண்டி நெய் ருசியோடு இந்த வேலையையும் செய்கிறது.

அதற்காக நெய்யை மருந்தாக்கிவிடக் கூடாது. அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி. மிகுந்தால் கெட்ட கொலஸ்டிரால் ஏறும். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டீஸ்பூன் நெய்யிலேயே 3 கிராம் போய்விடுகிறது. பால், கறி, தேங்காயில் வருவது தனி.

பாட்டி காலத்தில் பக்ரீத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்த பிரியாணி, இன்று ஆம்பூர் நெடுஞ்சாலைக் கடைகளில் மூன்று வேளையும் கிடைக்கிறது. தினமும் உழைத்துக் கொழுப்பைக் கரைத்த உடம்பும் இன்று நம்மில் பலருக்கு இல்லை. ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: நெய் சேர்க்கும் நாளில் அந்த அளவு எண்ணெயைக் குறையுங்கள். கறி போடும் நாளில் அதன் கொழுப்பிலேயே வதக்குங்கள். அன்றாடச் சமையலுக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். இதய நோயோ கூடுதல் கொலஸ்டிராலோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம்.